வண்டி முதலில் வந்தது

ஜனவரி 6, திங்கள்

கப்பல் இன்னும் ஆப்பிரிக்காவின் தெற்கு முனையைத் தாண்டவில்லை. நேர்வழியில் எங்கோ சண்டையாம், அதனால் உலகத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறது. எதிர் வீட்டுப் பிரமிளா என் போனில் ஒரு ஆப் இறக்கிக் கொடுத்தாள். நீலக் கடல், அதில் பச்சையாக ஒரு புள்ளி. காபி குடித்ததும் ஒரு தடவை, குளித்துவிட்டு ஒரு தடவை, குக்கரை ஏற்றிவிட்டு ஒரு தடவை பார்க்கிறேன். புள்ளி நகர்ந்த மாதிரியே தெரியவில்லை. பருப்புதான் அடிப்பிடித்தது.

அந்தப் புள்ளிக்குள் ஒரு கன்டெய்னர், அதற்குள் அண்ணனுடைய கார். 1966 மாடல் மோரிஸ் மைனர், கரும்பச்சை. அண்ணன் ஞானசேகரன் நாற்பத்தைந்து வருஷமாக இங்கிலாந்தில், கோவென்ட்ரியில் இருக்கிறான். கார் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். இப்போது மொத்தமாக மூட்டை கட்டிக்கொண்டு மெட்ராசுக்கே வருகிறான். பிப்ரவரி ஐந்தாம் தேதி டிக்கெட். வண்டியை முதலில் அனுப்பிவிட்டுத்தான் நான் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். ஓட்டை வண்டிக்கு இத்தனை மரியாதையா என்று கேட்டுப் பார்த்தேன், எடுபடவில்லை.

மாடியில் குடியிருந்தவர்களை நவம்பரிலேயே காலி செய்யச் சொல்லிவிட்டேன். பெயின்ட் அடித்தாயிற்று. அவனுக்கு முட்டி மடங்காது, அதனால் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தாயிற்று. எனக்கென்ன, அவன் வந்தால் சமையல் வேலைதான் ரெட்டிப்பு.

ஜனவரி 9, வியாழன்

மண்ணடிக்குப் போய் நூர்தீனைப் பார்த்து வந்தேன். துறைமுகத்தில் நமக்காகப் பேப்பர் போட்டுச் சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கிற கிளியரிங் ஏஜென்ட். நாற்பது வயசிருக்கும். வாயில் பேச்சு இல்லாவிட்டால் முறுக்கு இருக்கும்.

"வண்டி விலை ஆறு லட்சம்னு வெச்சுக்கங்கக்கா. கப்பல் கூலி ரெண்டு. அப்புறம் இன்சூரன்ஸ். மூணையும் கூட்டுங்க. அந்த மொத்தத்துக்குத்தான் வரி."

"கப்பல் கூலிக்கு எதுக்குப்பா வரி? அது கப்பல்காரனுக்குக் குடுத்த காசு."

"வண்டி நடந்தா வந்துச்சு? இங்க வந்து சேர்ற வரைக்கும் ஆன செலவெல்லாம் விலைதான். அதுக்கு மேல சுங்க வரி. வரியச் சேர்த்து வர்ற தொகைக்கு மேல ஜிஎஸ்டி."

"வரிக்கே வரியா?"

"கரெக்டா புடிச்சிட்டீங்க!" என்று சந்தோஷப்பட்டான், நான் ஏதோ பரீட்சையில் பாஸ் பண்ணின மாதிரி.

எல்லாம் சேர்த்து வண்டி விலையைப் போல ரெண்டு மடங்குக்குக் குறையாது என்கிறான். அதுவும் சுங்கத்துறைக்காரர்கள் ஆறு லட்சம் என்பதை ஒப்புக்கொண்டால். ஒப்புக்கொள்ளாவிட்டால் ஒரு இன்ஜினியர் வந்து வண்டியைத் தட்டிப் பார்த்து விலை எழுதுவார், அதற்கும் ஃபீஸ் உண்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அண்ணன் அங்கே வீட்டை விற்றுவிட்டுப் பணத்தோடு வருவான். அதுவரைக்கும் என் பிக்சட் டெபாசிட் இருக்கிறது.

கிளம்பும்போது நூர்தீன் சொன்னது இது: "உங்க அண்ணன் ஊரோட திரும்பி வர்றாருங்கற கணக்குலதான் நாம அனுமதி கேக்குறோம். பாஸ்போர்ட்டோட அவரு நேர்ல வந்து நிக்கணும். ஆளு வரலைன்னா வண்டி நகராது, வாடகை மட்டும் ஏறும்."

"வராம எங்கப்பா போவான்? டிக்கெட் போட்டாச்சு" என்றேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஒரு ஆளுக்குப் பொங்கல் வைக்க எனக்குக் கை வரவே மாட்டேன் என்கிறது. நாலு பேர் சாப்பிடுகிற மாதிரி ஆகிவிட்டது. பிரமிளா வீட்டுக்கு ஒரு தூக்கு கொடுத்தேன்.

சாயங்காலம் அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே மத்தியானம். எங்கே இருக்கிறாய் என்றேன். "வீட்டுலதான்" என்றான். பின்னால் சக்கரம் வைத்த வண்டியைத் தள்ளுகிற சத்தம். ஒரு பெண்பிள்ளை, குழந்தையிடம் பேசுவதுபோல் உரக்க, இனிப்பாக ஏதோ சொன்னாள். தட்டில் ஸ்பூன் படுகிற சத்தம். முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன்ஸில் ட்ரங்க் கால் ஆபரேட்டராக இருந்தவள் நான். லைனில் பேசுகிறவர் எந்த அறையில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். ஆனால் இப்போதுள்ள டிவிகளில் எல்லாம் நிஜம் மாதிரியே கேட்கிறது. டிவியாகத்தான் இருக்கும்.

அவன் பெண்டாட்டி மார்கரெட்டை ஹோமில் சேர்த்து மூன்று வருஷமாகிறது. மறதி நோய். பெற்ற மகளையே யாரென்று கேட்கிறாளாம். அண்ணன் வாரத்தில் பாதி நாள் போய், தன்னை அடையாளம் தெரியாதவள் முன்னால் உட்கார்ந்துவிட்டு வருகிறான். இப்போது வண்டியும் இல்லை, குளிரில் பஸ்ஸுக்கு நின்று போகிறான். போன வருஷம் நான்தான் சொன்னேன். அந்தம்மாவுக்கு நீ இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பார்த்துக்கொள்ள நர்ஸ் இருக்கிறார்கள், மகள் இருக்கிறாள். உன் உடம்பைப் பார், வந்துவிடு. அவன் நல்லதுக்குத்தான் சொன்னேன்.

ஜனவரி 19, ஞாயிறு

மடகாஸ்கர் தாண்டிவிட்டது.

ஜனவரி 23, வியாழன்

பிளம்பர் வந்தான். மாடி பாத்ரூமில் அண்ணன் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வைக்கச் சொன்னேன். கேட்காமலேயே கீழேயும் ஒன்று வைத்துவிட்டுப் போயிருக்கிறான், போன ஆடியில் நான் வழுக்கி விழுந்த இடத்தில். பிரமிளா சொல்லியிருப்பாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. விழுந்தது பெரிய விஷயமே இல்லை. கதவை உள்ளே தாழ் போட்டிருந்ததால் யாரும் வர நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

கட்டில் வந்து இறங்கியது. மாடிக்கு ஏற்ற முடியாமல் கால்களைக் கழற்றி, ஏற்றி, மறுபடியும் பூட்டினார்கள். மெத்தை கெட்டியாக வாங்கினேன். தலைமாட்டைக் கிழக்கே வைப்பதா தெற்கே வைப்பதா என்று நானே ரெண்டு தடவை இழுத்துப் போட்டேன். இப்போது இடுப்பு வலிக்கிறது.

ஜனவரி 31, வெள்ளி

கப்பல் வந்துவிட்டது! எண்ணூர்ப் பக்கம் நிற்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் ரெண்டு நடை நடந்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்

அண்ணன் டிக்கெட்டை மாற்றிவிட்டான். கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டுமாம். இருபதாம் தேதிக்கு வருகிறான். பல் வலியோடு விமானம் ஏறினால் உயிர் போய்விடும், உண்மைதான். மெட்ராசில் பல் டாக்டரே இல்லையா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

நூர்தீனிடம் சொன்னேன். ஒரு நிமிஷம் முறுக்கைக் கடிக்காமல் இருந்தான். "முதல்ல கொஞ்ச நாளைக்கு வாடகை கிடையாது. அப்புறம் ஆட்டோ மீட்டர் மாதிரிக்கா, நின்னாலும் ஓடும். சரி, பெட்டியத் தொறந்து பாக்கற எக்சாமினேஷனையாவது முடிச்சு வெப்போம். உங்க பேருல ஒரு பவர் பத்திரம் மட்டும் எழுதி அனுப்பச் சொல்லுங்க."

பிப்ரவரி 12, புதன்

இன்றைய கூத்தை எழுதாமல் வேறு வேலை ஓடாது.

மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு. வெயில். சுங்கத்துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தாள், முப்பது வயசுக்குள்தான் இருக்கும், மரியாதையான பெண். கன்டெய்னர் சீலை உடைத்துக் கதவைத் திறந்தார்கள். உள்ளே வண்டி, நாலு சக்கரத்துக்கும் கட்டை வைத்துக் கட்டி, சாதுவாக நின்றது. சத்தியமாக அழகாகத்தான் இருந்தது. நான் ஓட்டை வண்டி என்றது தப்பு.

இன்ஜின் நம்பர் சரி. சேஸிஸ் நம்பர் சரி. "டிக்கியத் தொறங்க" என்றாள்.

திறந்தார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. டிக்கி கொள்ளாமல் பொட்டலம். பின் சீட்டை நிரப்பி, கால் வைக்கிற இடத்தையும் நிரப்பி, மேலே போர்வை போட்டு மூடியிருக்கிறான். பவுடர் டப்பா, சோப்பு, சாக்லேட் டின், நைலக்ஸ் புடவை, சுவெட்டர், சென்ட்டு பாட்டில், நாலு விஸ்கி. ஊருக்கு ஒரு பெட்டி போகிறது என்றால் அதில் இடத்தைச் சும்மா விட்டு அனுப்பின குடும்பம் எங்காவது உண்டா? எண்பத்தி மூணில் அவன் லீவில் வந்தபோது கொண்டுவந்த அதே சாமான்கள். அப்போது தெருவே வந்து நின்றது. இப்போது இதெல்லாம் பெரம்பூர் கடைகளிலேயே கிடைக்கிறது.

"இதெல்லாம் பேப்பர்ல இல்லையேம்மா" என்றாள் அந்தப் பெண்.

"அது சும்மா சொந்தக்காரங்களுக்கும்மா. விக்கறதுக்கில்ல."

"சும்மா குடுக்கறதா இருந்தாலும் எழுதணும்மா. வெறும் கார்னு எழுதியிருக்காரு."

நூர்தீன் தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டான்.

ஒவ்வொரு பொட்டலத்திலும் பெயர். அந்தப் பெண் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்து எழுதச் சொன்னாள். சரோஜா அத்தைக்கு. அத்தை போய்ப் பதினோரு வருஷம். கிட்டு மாமாவுக்கு, அவரும் போய்விட்டார். குமாரின் குழந்தைக்கு என்று ஒரு கிலுகிலுப்பை. அந்தக் குழந்தை இப்போது இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். போனவர்களைப் பற்றியெல்லாம் நான் போனில் சொல்லாமல் இல்லை. சொன்னேன், "ஐயோ" என்றான், அடுத்த ஞாயிறும் சொன்னேன். அங்கே உட்கார்ந்து கேட்டால் யாரும் சாவதில்லை போலிருக்கிறது.

நியாயமாகச் சொன்னால் நான் கேட்டது ரெண்டே ரெண்டு. முட்டிக்குத் தைலமும் ஒரு நல்ல டார்ச்சும். பிரமிளாவுக்காகக் கேட்ட லிப்ஸ்டிக்கைச் சேர்த்தால் மூன்று.

முன் சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில், பொட்டலம் எதுவும் இல்லை. ஒரு நீலக் கம்பளிச் சட்டை மடித்து வைத்திருந்தது, முழங்கையில் ஒட்டுப் போட்டது. டேஷ்போர்டு பெட்டியில் மூக்குக்கண்ணாடி, பாதி தீர்ந்த பெப்பர்மின்ட்.

"இது யாருதும்மா? இதுல பேர் இல்லையே."

"எங்க அண்ணியுது" என்றேன்.

கேஸ் எழுதியாயிற்று. அபராதம் வரும். அண்ணன் நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 13, வியாழன்

அண்ணனிடம் கத்தினேன். விஸ்கி யாருக்குடா என்று டா போட்டே கேட்டுவிட்டேன். "கிட்டு மாமா கேப்பாரே வள்ளி" என்றான். அதற்கப்புறம் என்னால் கத்த முடியவில்லை.

டிக்கெட்? வீடு வாங்க வந்தவர்கள் பின்வாங்கிவிட்டார்களாம். புது ஆள் வர வேண்டும், அதனால் மார்ச். பேசிக்கொண்டே இருக்கும்போது போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு யாரிடமோ இங்கிலீஷில், "ஒர்க் ஷாப்பில் இருக்கிறதம்மா, வியாழக்கிழமை வந்துவிடும்" என்றான். அவ்வளவு மெதுவாக அவன் பேசி நான் கேட்டதே இல்லை.

"யார்கிட்ட பேசுறே?"

"யாருமில்ல. டிவி ஓடுது."

இன்றைக்கே வியாழக்கிழமைதான். டிவிக்கு யாராவது பதில் சொல்வார்களா?

பிப்ரவரி 18, செவ்வாய்

வாடகை ஓட ஆரம்பித்துவிட்டது. யார்டுக்காரனுக்கு இடத்துக்கு வாடகை, கப்பல் கம்பெனிக்குப் பெட்டிக்கு வாடகை. மாடியில் மாதாமாதம் வாடகை கொடுத்தவர்களைத் துரத்திவிட்டு, கார் குடியிருக்க நான் வாடகை கட்டுகிறேன். பேங்கில் ஒரு டெபாசிட்டை முறித்தேன். கவுன்டரில் இருந்த பெண் "வட்டி போயிடுமே மேடம்" என்றாள். போகட்டும் என்றேன்.

நூர்தீன் மூன்று வழி சொன்னான். ஒன்று, அண்ணன் வந்து வரியும் அபராதமும் கட்டி எடுப்பது. ரெண்டு, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் ஏலத்துக்குப் போகும். மூணாவதைச் சொல்லும்போது அவனே சிரித்தான். "திருப்பி அனுப்பலாம். ஆனா அதை யாரும் கேக்க மாட்டாங்கக்கா. வந்த செலவு போச்சு, போற செலவு, அபராதம், வாடகை. அந்தக் காசுக்கு அங்கயே இன்னொரு வண்டி வாங்கலாம்."

"எங்க அண்ணன் வருவான். முதல் வழிதான்" என்றேன். குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் சொன்னேன்.

பிப்ரவரி 20, வியாழன்

அவன் வருவதாக இருந்த நாள். வெண்டைக்காய் வாங்கியிருந்தேன், அவனுக்குப் பிடிக்கும் என்று. முற்றல். கொட்டிவிட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

போன் செய்தேன், எடுக்கவில்லை. மாடியைப் பெருக்கினேன். யாரும் இல்லாத இடத்தில் எங்கிருந்துதான் இத்தனை தூசி வருகிறதோ. கட்டிலை மறுபடியும் கிழக்கே திருப்பிப் போட்டேன். மறுபடியும் போன் செய்தேன். தண்ணி லாரிக்கு எழுதி வைத்தேன். மறுபடியும் போன்.

பிப்ரவரி 27, வியாழன்

ஷீலா கூப்பிட்டாள். அண்ணன் மகள். வருஷத்துக்கு ஒரு தடவை என் பிறந்தநாளுக்கு "ஹலோ அத்தை" என்பதோடு அவள் தமிழ் முடிந்துவிடும். இன்றைக்கு அரை மணி நேரம் இங்கிலீஷில் பேசினாள். நான் பெரும்பாலும் கேட்டேன்.

பல்லும் இல்லை, வீடு வாங்குகிறவர் பின்வாங்கவும் இல்லை. வீட்டை விற்பனைக்கே விடவில்லையாம். மூன்று தடவை டிக்கெட் போட்டு மூன்று தடவையும் கேன்சல் செய்திருக்கிறான். ஒரு தடவை பெட்டியோடு ஏர்போர்ட் பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கிவிட்டானாம்.

போன நவம்பர் வரைக்கும் தினம் நாலு மணிக்கு ஹோமுக்குப் போய் மார்கரெட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவானாம். அவளுக்கு யாரையும் தெரியாது. நர்ஸைத் தெரியாது, மகளைத் தெரியாது, எதிரில் உட்கார்ந்தால் புருஷனையும் தெரியாது. ஆனால் அந்த வண்டியில் முன் சீட்டில் உட்கார்த்தி வைத்து இன்ஜினைக் கிளப்பினால், திரும்பிப் பார்த்து "ஞான்" என்பாளாம். "ஞான், ஹீட்டரைப் போடு" என்பாளாம். இருபது நிமிஷம். வண்டியை விட்டு இறக்கினால் மறுபடியும் யார் நீ என்று கேட்பாளாம்.

எனக்கு இதை அவன் சொல்லவே இல்லை. வாரத்தில் பாதி நாள் போகிறேன், சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்றுதான் சொன்னான்.

இப்போதும் நாலு மணி ஆனால் அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்கிறாளாம். வண்டி எங்கே, வண்டி எங்கே என்று எல்லோரையும் கேட்கிறாளாம். அண்ணன் தினம் போய் அவளோடு வாசலில் நிற்கிறானாம். இருட்டும் வரைக்கும்.

"அத்தை, அப்பா ஏன் வண்டியை அனுப்பினார்?" என்று கேட்டாள் ஷீலா.

எனக்குத் தெரியாது என்றேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

பரணில் இருந்த பாத்திரத்தையெல்லாம் இறக்கித் தேய்த்தேன். புளி தீர்ந்துவிட்டது.

மார்ச் 1, சனி

பிரமிளா வந்து, "அண்ணன் எப்பக்கா வர்றாரு? லிப்ஸ்டிக் என்னாச்சு?" என்றாள். வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பிவிட்டேன். பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் காபி போட்டுக் கொடுத்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை, அவளுக்கு வாய் சும்மா இருக்காது என்று நான் எழுதியது தப்பு.

மார்ச் 3, திங்கள்

மண்ணடி. நூர்தீனிடம் மூணாவது வழி என்றேன்.

அவன் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தான். "வெயில்ல வந்திருக்கீங்க. யோசிச்சுச் சொல்லுங்கக்கா. முதல் வழின்னுதானே சொன்னீங்க, அண்ணன் வரலியா?"

"அவன் வர மாட்டான்."

இதைச் சத்தமாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. சொன்னதும் மூச்சு கொஞ்சம் சுலபமாக வந்தது.

கால்குலேட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். யார்டு வாடகை, பெட்டி வாடகை, அபராதம், எழுதாத சாமானுக்குத் தனி அபராதம், திருப்பி அனுப்ப அனுமதி கேட்டு மனு, புதுசாகக் கட்ட ஆள் கூலி, கப்பல் கூலி மறுபடியும் முதலிலிருந்து. இங்கிலாந்துக்காரனும் சும்மா விடமாட்டானாம், அங்கே போய் இறங்கும்போது இது உங்கள் ஊர் வண்டிதான், போய்விட்டுத் திரும்பி வருகிறது என்று காட்டாவிட்டால் அவனும் வரி கேட்பான். அதற்கொரு பேப்பர். தன் கூலியை மட்டும் அவன் எழுதவே இல்லை. நான் கேட்டதற்கு, "அதை அப்புறம் பாத்துக்கலாம்" என்று அடுத்த ஃபைலை எடுத்துவிட்டான்.

இன்னொரு டெபாசிட்டும் போகும். மாடிக்கு ஆள் வைத்தால் சமாளிக்கலாம்.

பொட்டலங்களை என்ன செய்வது என்றான். அதுவும் திரும்பிப் போகட்டும், கிட்டு மாமாவின் விஸ்கியை அண்ணனே குடிக்கட்டும் என்றேன்.

மார்ச் 5, புதன்

இன்றைக்கு அவனுக்கு நாலு மணி ஆகும்வரை காத்திருந்து கூப்பிட்டேன். எடுத்தான்.

"எங்க இருக்கே?"

"வீட்டு..." என்று ஆரம்பித்தான். நிறுத்தினான். "ஹோம்ல இருக்கேன் வள்ளி."

"வாசல்லயா?"

ஷீலா பேசினாள் என்றேன்.

"வண்டியத் திருப்பி அனுப்புறேன். நீ ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டு அனுப்பணும், நூர்தீன் மெயில் பண்ணுவான்."

"பைத்தியமாடி உனக்கு? எவ்ளோ ஆகும் தெரியுமா? ஏலத்துல விடு. போனாப் போகுது. நான் அடுத்த மாசம் கட்டாயம்..."

"அண்ணா. நீ வர மாட்டே."

"வரேன்னு சொன்னது பொய் இல்ல. வண்டி இங்க இருக்கற வரைக்கும் அவளை விட்டுட்டு வர என்னால முடியாதுன்னு தெரியும். அதான் அதை முதல்ல அனுப்பிட்டேன். வண்டி போயிட்டா அவ மறந்துடுவான்னு நெனச்சேன். எல்லாத்தையும் மறந்தவ, இதையும் மறந்துடுவான்னு நெனச்சேன் வள்ளி."

அவனைத் திட்ட நான் ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை. வேறொன்று வந்தது.

"உன் நல்லதுக்குன்னு சொல்லித்தானே உன்னை வரச் சொன்னேன்? அது இல்லண்ணா. எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்கு. போன ஆடியில விழுந்து, விடிஞ்சதுலேருந்து மத்தியானம் வரைக்கும் ஈரத்துல கெடந்தேன். கத்திக் கத்திக் குரல் போச்சு. உன்கிட்ட சொல்லல. அதுக்கப்புறம்தான் உன்னை வா வான்னு நச்சரிக்க ஆரம்பிச்சேன். அவளுக்கு நீ இருந்தாலும் ஒண்ணுதான்னு சொன்னேனே, அது எனக்காகச் சொன்னது."

அவன் அழுகிறான் என்று தெரிந்தது. எழுபத்தொரு வயசு ஆம்பிளை, அந்த ஊர்க் குளிரில், வாசலில் நின்றுகொண்டு.

"அப்புறம் ஏண்டி வண்டியத் திருப்பி அனுப்புறே? ஏலத்துல விட்டுட்டா நான் என்னிக்காவது ஒரு நாள் வந்துடுவேனே."

பக்கத்தில் ஒரு பெண் குரல், கிழக் குரல், வண்டி எங்கே என்று இங்கிலீஷில் கேட்டது. அவன் பதில் சொல்லவில்லை.

"சொல்லு அண்ணா, வருதுன்னு சொல்லு" என்றேன். "உன்னை அடையாளம் தெரிய எனக்கு வண்டி வேண்டாம். அவளுக்கு வேணும்."

அவன் அவளிடம் சொன்னான். எனக்குக் கேட்டது.